நிமியின் பெயரில் தொடங்கிய கோடு

அன்று காலை பத்தேகால் மணிக்குத்தான் மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் சூரியநெல்லியில் கரண்ட் வந்தது. ஆறு மணிக்கு அடித்த காற்றில் மரமொன்று கம்பியின் மேல் சாய்ந்து, தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீடுகளெல்லாம் இருண்டு கிடந்தன. செல்போன் கோபுரமும் அதோடு சேர்ந்து செத்துவிட்டது. அம்மா சந்தனமேரி மழைச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். பாத்திரம் கழுவி, துணி மடித்து, பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் ஜன்னலோரம் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிமி, பல்பு எரிந்ததும் ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறைதான். ஆனால் திங்கட்கிழமை காலைக்குள் அவள் ஒரு அத்தியாயத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

நிமிக்கு இருபத்தாறு வயது. கொச்சியில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே கையேடு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நிறுவனம் ஒரு பாதுகாப்புக் கருவி செய்திருந்தது. அதற்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் நாக்கில் ஒட்டாததால் நிமி அதைத் 'தடம்' என்றே சொல்வாள். ஓர் ஆஸ்பத்திரியோ ஆபீஸோ, அங்கிருக்கிற கணினிகளையெல்லாம் தடம் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியாள் ஒருவன் எந்த இடத்தில் உள்ளே நுழைய முடியும், அங்கிருந்து எந்தக் கணினிக்குத் தாவ முடியும், கடைசியில் எதைப் போய்ப் பிடிக்க முடியும் என்று படம் வரைந்து காட்டும். போகக்கூடிய வழியென்றால் சாம்பல் நிறப் புள்ளிக்கோடு. அந்த வழியில் யாராவது உண்மையிலேயே நடந்திருந்தால் தடித்த சிவப்புக் கோடு. ஒவ்வொரு கோட்டின் கீழேயும் இரண்டு வரி விளக்கம் இருக்கும். அந்த விளக்கங்களைத் தமிழில் எழுதியதும் நிமிதான்.

எழுதவேண்டிய அத்தியாயம், சிவப்புக் கோட்டை வாசிப்பது எப்படி என்பது. அதற்குப் படம் கிடைக்காமல்தான் ஒரு வாரமாக அல்லாடிக்கொண்டிருந்தாள். ஒத்திகைக்காக வைத்திருந்த கணினிகளில் எல்லாமே பொம்மை மாதிரி இருந்தது. அதனால் அவளுடைய மேலாளர் ஜின்சன், பொள்ளாச்சியைத் தாண்டி, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்தின் சம்மதத்தோடு, அவர்களுடைய படத்தைப் பார்க்க அவளுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தான். அங்கே தடம் ஓடுகிற கணினிக்குள் நுழைந்து பார்க்கவும் தனியாக ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தான். அவசரத்தில் எல்லா உரிமையும் கொண்ட கணக்காகப் போட்டுவிட்டு, "பொறவு கொறைச்சுக்கலாம்" என்று சொன்னவன் அதை மறந்தே போனான்.

நிமி மையத்தின் படத்தைத் திறந்தாள். திரையின் நடுவில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா, படம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அதைப் படம் பிடித்து அத்தியாயத்தில் ஒட்டினாள். கீழே 'படம் நான்கு' என்று எழுதினாள். கோட்டின் ஒவ்வொரு முனையையும் விவரிக்க வேண்டுமல்லவா, அதற்காகத் தொடக்கப் புள்ளியின் மேல் சுட்டியை வைத்தாள். சிறிய பெட்டி விரிந்தது. அதில் கணக்கின் பெயர் 'நிமி-கையேடு' என்று இருந்தது. நேரம் காலை ஒன்பது பன்னிரண்டு.

சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது பன்னிரண்டுக்கு இந்த வீட்டில் கரண்ட் இல்லை. போனில் சிக்னல் இல்லை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

தவறாக வாசித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை வாசித்தாள். கோடு அவள் பெயரில் தொடங்கி, மையத்தில் தடம் ஓடும் கணினிக்குப் போய், அங்கிருந்து வரவேற்பறைக் கணினியில் முடிந்திருந்தது. அதற்கு அப்பால் இரண்டு புள்ளிக்கோடுகள். ஒன்று நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் கணினிக்கு. அதிலிருந்து மற்றொன்று, தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்டை இயக்குகிற கணினிக்கு.

அந்தக் கணக்கை உடனே பூட்டிவிடலாம் என்று அதற்குள் நுழையப் பார்த்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது. அவசரத்தில் தப்பாக அடித்திருப்போம் என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அப்போதும் தவறு. உள்ளே இருப்பவன் பூட்டை மாற்றியிருந்தான்.

ஜின்சனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். அவன் அக்கா பிள்ளைக்கு அன்று ஞானஸ்நானம் என்று வெள்ளிக்கிழமை சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. கோயிலுக்குள் போனை ஊமையாக்கி வைத்திருப்பான். அலுவலக எண்ணை அழைத்தால், திங்கட்கிழமை கூப்பிடச் சொல்லி ஒரு பதிவுக் குரல் பேசியது. 'ஜின்சண்ணே, என் கணக்குல யாரோ நுழைஞ்சிருக்கான். பாத்த உடனே கூப்பிடுங்க' என்று செய்தி அனுப்பிவிட்டு, உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

எப்படி? பாஸ்வேர்டை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அதென்னவென்றே தெரியாது. யோசிக்க யோசிக்க, இரண்டு வாரம் முன்பு கையேட்டின் வரைவை எல்லோரும் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்று ஒரு திறந்த பக்கத்தில் போட்டது ஞாபகம் வந்தது. அதைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது படத்தின் வலது ஓரத்தில், திரையின் மூலையில் அவள் மறந்துபோகாமல் இருக்க ஒட்டிவைத்திருந்த மஞ்சள் குறிப்பின் பாதி தெரிந்தது. அந்தப் பாதியில் பாஸ்வேர்டு முழுதாக இருந்தது.

"ஏசுவே" என்றாள் நிமி, வாய்விட்டே.

வேலை போய்விடும் என்பது முதல் பயம். போலீஸ் லயத்துக்கு வரும், அம்மா வாசலில் நின்று பார்ப்பாள் என்பது இரண்டாவது. அந்த இரண்டும் சேர்ந்து அவளை நாற்காலியிலேயே அழுத்தி உட்கார வைத்திருந்தன. தடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை ஒருமுறை மினுங்கியது. நோயாளிகளின் விவரங்களுக்குப் போன புள்ளிக்கோடு சிவப்பாகிவிட்டது.

இனி மிச்சமிருப்பது தண்ணீர் மட்டும்.

அந்தத் தண்ணீர் என்னவென்று நிமிக்குத் தெரியும். கையேட்டுக்காக அந்த மையத்தின் செல்வப்பிரியாவிடம் இரண்டு முறை போனில் பேசியிருக்கிறாள். செல்வப்பிரியா வரவேற்பறையில் பதிவு பார்ப்பவள், கணினி என்று எது பழுதானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டயாலிசிஸ் செய்யும்போது ஒவ்வொரு ஆளுக்கும் நூறு லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டும், அது நின்றால் இயந்திரம் நின்றுவிடும், ரத்தம் பாதி உடம்பிலும் பாதி குழாயிலுமாக இருக்கும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு நிமி கையேட்டில் 'முக்கியச் சொத்து: நீர் அமைப்பு' என்று நான்கு சொல் எழுதினாள். அவ்வளவுதான் எழுதினாள்.

ஜன்னல் பக்கம் போய் நின்றால்தான் சிக்னல் அறுபடாமல் கிடைக்கும். லேப்டாப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்று, செல்வப்பிரியாவின் எண்ணை அழுத்தினாள்.

"என்னுங்க நிமி, லீவு நாள்ல கூப்புடறீங்க? இன்னும் கேள்வி பாக்கி இருக்குதுங்களா?"

"அக்கா, இப்ப மெஷின்ல எத்தன பேரு இருக்காங்க?"

"எட்டுப் பேருங்க. எட்டு பெட்டும் ஃபுல்லு. ஏனுங்க?"

"உங்க கம்ப்யூட்டர்ல எதாச்சும் வித்தியாசமா இருக்காக்கா?"

"காலைல இருந்து ரொம்ப மெதுவா இருக்குதுங்க. இப்பத்தான் ஒரு பேஷண்டோட ஃபைல தொறந்தனுங்க, எல்லாம் கட்டங்கட்டமா என்னமோ எழுத்து வருது. நெட்டு சரியில்ல போலன்னு நெனச்சனுங்க."

"நெட்டு இல்லக்கா. உள்ள ஆளு வந்திருக்கான். உங்க தடத்தைத் தொறந்து பாருங்க, செவப்பா கோடு இருக்கும்."

மறுபக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு செல்வப்பிரியா மெல்ல வாசித்தாள். "உயர்நிலை உரிமம் பெற்ற கணக்கின் வாயிலாகப் பக்கவாட்டு நகர்வு நிகழ்ந்துள்ளது. இலக்குச் சொத்தை அடைவதற்கான சாத்தியக்கூறு மிகுதி." நிறுத்தினாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. என்னத்தப் பண்ணச் சொல்லுது இது?"

அந்த வரிகள் நிமி எழுதியவை. போன மாதம் ஜின்சன் அதைப் பார்த்துவிட்டு நல்ல தமிழ் என்று பாராட்டியிருந்தான். இப்போது அதைக் கேட்கையில் அவளுக்குக் காது கூசியது.

"அத விட்ருங்கக்கா. நான் சொல்லுதேன். ஒருத்தன் திருட்டுச் சாவி போட்டு உங்க மையத்துல நுழைஞ்சிட்டான். மொதல்ல உங்க மேஜைல இருக்க கம்ப்யூட்டர். அதுல நீங்க வச்சிருந்த பாஸ்வேர்ட எடுத்துக்கிட்டு பேஷண்டுங்க ஃபைல் இருக்க பெரிய கம்ப்யூட்டருக்குப் போயிட்டான். அதத்தான் கட்டங்கட்டமா ஆக்கி வச்சிருக்கான். அங்க இருந்து இன்னும் ஒரே ஒரு எட்டு. அது தண்ணி பிளான்ட்."

பின்னணியில் ஏதோ ஓர் இயந்திரம் இரண்டு முறை கூவி அடங்கியது.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குதுங்க." குரல் இறங்கியிருந்தது. "தண்ணிய நிறுத்திப்போடுவானுங்களா?"

"முடியும். செய்வானான்னு தெரியாது. ஆனா முடியும்."

"போன வருசம் ஒருக்கா நெட்டு வயரு கழண்டு பிளான்ட் தானா நின்னு போச்சுங்க. இருபது நிமிசம். ஒரு அம்மாவுக்குப் பிரசர் எறங்கி, நாங்க பட்ட பாடு... அதுக்கப்பறம் யாரும் வயரத் தொடக்கூடாதுன்னு மேனேஜர் நோட்டீசே ஒட்டி வச்சிருக்காருங்க. இப்ப அவரும் இல்ல, டாக்டரும் ரவுண்ட்ஸ் முடிச்சு இங்க பக்கத்துல சித்தூருக்குப் போயிட்டாரு."

நிமி வயரைப் பிடுங்குங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்திருந்தாள். அந்தச் சொல் அப்படியே நாக்கில் நின்றது. பிடுங்கினால் பிளான்ட் நிற்கும். பிடுங்காவிட்டால் அவன் நிறுத்தினாலும் நிறுத்துவான். தடம் இதில் எதையும் சொல்லவில்லை. அதற்கு வயர் தெரியும், கணினி தெரியும். வயர் கழன்றால் எந்தக் கட்டிலில் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அவளுக்கும்தான் தெரியாது. இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஜன்னலோரம் நின்றுகொண்டு, எட்டுப் பேருடைய ரத்தத்தைப் பற்றி எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"நெட்டு இல்லாம பிளான்ட ஓட்ட முடியுமாக்கா? கையால?"

"செங்கோட்டையண்ணன்தான் சொல்லோணும். பிளான்ட்ட பாக்கறது அவருதான். இருங்க." நாற்காலி உரசும் சத்தம். பிறகு அவள் நின்றுவிட்டாள் போலிருந்தது. "நிமி, ஒண்ணு கேக்கறன். நான் போயி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி, அப்பறம் ஒண்ணுமில்லீன்னு ஆச்சுன்னா என்னைய ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. இது நெசந்தானுங்களா? அந்த மெஷின் தப்பா காட்டலாமில்லீங்களா? எப்புடி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

பொய் சொல்ல நிமிக்கு வழியிருந்தது. கருவி தப்பாகக் காட்டாது என்று சொல்லியிருக்கலாம், அல்லது அலுவலகத்தில் உறுதி செய்துவிட்டார்கள் என்று. அவள் திரையைப் பார்த்தாள். அடுத்த மினுங்கலுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"உறுதியாத் தெரியும்க்கா. அந்தத் திருட்டுச் சாவி என்னோடது. என் பாஸ்வேர்ட நானே தெரியாம ஒரு படத்துல வெளிய போட்டுட்டேன். கோடு ஆரம்பிக்கிற எடத்துல பேரப் பாருங்க. என் பேருதான். அந்த நேரம் எங்க ஊர்ல கரண்டே இல்ல. நான் வரல. என் பேருல வேற எவனோ வந்திருக்கான்."

திட்டுவாள் என்று நிமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி" என்றாள் செல்வப்பிரியா. "போன வைக்காதீங்க."

அதன்பின் நிமிக்குக் கிடைத்ததெல்லாம் சத்தம்தான். செருப்பு வேகமாக அடிக்கிற சத்தம். ஒரு கதவு. குழாய்களின் இரைச்சல். "செங்கோட்டையண்ணா, பிளான்ட கைக்கு மாத்துங்க. அப்பறம் சொல்றன், மொதல்ல மாத்துங்க." ஓர் ஆண்குரல் எதையோ கேட்டது. "கம்ப்யூட்டர் வேண்டாமுங்க, சாவி போட்டு மாத்துங்க. உள்ள ஆளு பூந்துட்டானாம்." அந்த ஆண்குரல், "பெட்டியத் தொறக்கற சாவி ஆபீஸ்ல இருக்குதும்மா" என்றது தெளிவாகக் கேட்டது.

மறுபடியும் செருப்புச் சத்தம். ஒரு மேஜையின் இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "பின்சி சிஸ்டர்," என்று செல்வப்பிரியா கத்தினாள், "மெஷின் அலாரம் அடிச்சாலும் அடிக்குமுங்க. ரத்தத்தத் திருப்பிக் குடுக்க ரெடியா இருங்க, யாரு பலகீனமோ அவங்க பக்கத்துல நில்லுங்க." யாரோ ஒருவர், வயதான ஆண், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, படுத்திருங்க" என்றது இன்னொரு குரல்.

நிமியின் லேப்டாப் மினுங்கியது. கடைசிப் புள்ளிக்கோடு சிவப்பாகியிருந்தது.

"அக்கா, போயிட்டான்! தண்ணிக்குப் போயிட்டான்!" என்று அவள் போனுக்குள் கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். மறுபக்கம் அவள் சொன்னது யார் காதிலும் விழுந்ததா என்று தெரியவில்லை. ஓர் இயந்திரம் கூவத் தொடங்கியது. அதோடு இரண்டாவது, மூன்றாவது. பிறகு எத்தனை என்று எண்ண முடியாத ஒரு கூப்பாடு. அதற்குள்ளிருந்து செங்கோட்டையனின் குரல், "திரும்ப மாட்டேங்குது, பிடி, பிடி" என்றது. போன் கட்டாயிற்று.

திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. திரையைப் பார்த்தாள். படம் முழுக்கச் சாம்பல் நிறமாக மாறி, 'தகவல் வரவில்லை' என்று காட்டியது. வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அல்லது அவன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டான் என்றும் அர்த்தம். இரண்டுக்கும் ஒரே சாம்பல்தான். தகவல் வராதபோது என்ன நினைக்க வேண்டும் என்று கையேட்டில் அவள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் நிமி எதை நினைத்தாள் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. ஜெபம் செய்யப் பார்த்தாள், 'பரமண்டலங்களிலிருக்கிற' என்பதற்கு மேல் சொல் வரவில்லை. ஏதோ ஒரு கட்டிலில் யாரோ ஒருவர், அவளுக்குப் பெயர்கூடத் தெரியாதவர், குழாயில் நிற்கிற தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதாக மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது. எட்டு முறை அழைத்தாள். ஒன்பதாவது முறை அழைக்கும் முன் போன் தானாக அடித்தது.

"நிமி." செல்வப்பிரியாவுக்கு மூச்சு வாங்கியது. "எட்டுப் பேரும் நல்லா இருக்காங்க."

நிமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பிளான்ட் நின்னுபோச்சுங்க. நாங்க சாவிய மாத்தறதுக்குள்ளயே நின்னுபோச்சு. ஆனா செங்கோட்டையண்ணன் ஆறு நிமிசத்துல கையால ஓட்டிட்டாரு. வயரு எல்லாத்தையும் நான் பிடுங்கிட்டனுங்க. ரெண்டு பேருக்கு மட்டும் பாதில நிறுத்தி ரத்தத்தத் திருப்பிக் குடுத்தாச்சு. சிஸ்டர் முன்னாடியே பக்கத்துல நின்னதால சமாளிச்சுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா ஃபைலெல்லாம் போச்சுங்க. மூணு வருசத்து ஃபைலு. என் கம்ப்யூட்டர்ல செவப்பா ஒரு திரை வந்து இங்கிலீசுல மெரட்டிட்டு நிக்குது. அதப் பாக்கவே பயமா இருக்குதுங்க. துணியப் போட்டு மூடி வச்சிருக்கன்."

"அக்கா, என்னய..." என்று தொடங்கியவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாதீங்க. இப்ப அழுவறதுக்கு எனக்கும் நேரமில்ல, மத்தியான ஷிப்ட் பேஷண்டுங்க வந்து வெளிய உக்காந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது நிமிக்கு.

ஜின்சன் ஒரு மணிக்கு அழைத்தான். பின்னால் பந்தி பரிமாறுகிற சத்தம். விஷயத்தைக் கேட்டதும் வெளியே எங்கோ நடந்து போனான். முதல் பத்து நிமிடம் அவனும் செய்யவேண்டியதைத்தான் செய்தான். அலுவலக ஆட்கள் இரண்டு பேரைப் போனில் பிடித்து, அவள் கணக்கை வெட்டி, வரைவைப் பக்கத்திலிருந்து அகற்றினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நிமி, அறிக்கைல உன் பேரு வேண்டாம். ஒரு கணக்குன்னு மட்டும் எழுதுவோம். யாரு கணக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"செல்வப்பிரியாக்காட்ட சொல்லிட்டேண்ணே."

"எதுக்குச் சொன்ன?"

"அவங்க நம்பணும்ல."

பந்திச் சத்தம் இன்னும் தள்ளிப்போனது; அவன் மேலும் நடந்துகொண்டிருந்தான். அவனும் பயந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. எல்லா உரிமையும் கொடுத்துக் கணக்குப் போட்டது அவன். "அந்த உரிமைய நான் கொறச்சிருக்கணும்" என்றான் கடைசியில். "அதையும் எழுதிரு."

அறிக்கையை அவள் அன்று மாலையே எழுதினாள். முதல் வரி, 'என் பாஸ்வேர்டை நானே வெளியிட்டேன்' என்பது. அடுத்த வாரம் போலீஸ்காரர்கள் போனில் மலையாளத்தில் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலை செய்யவேண்டாம் என்று நிறுவனம் கடிதம் அனுப்பியது. உள்ளே வந்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எந்த நாட்டிலிருந்து வந்தான் என்பதுகூடத் தெரியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் நிமிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கடவுச்சொல் கேட்கிற எந்தத் திரையைப் பார்த்தாலும் கை பின்னால் போயிற்று. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்து, ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். சந்தனமேரி முழுதும் கேட்டுவிட்டு, "அந்த எட்டுப் பேர நீ பாத்தியா?" என்றாள். இல்லை என்றாள் நிமி.

அதற்கு மறுநாள் செல்வப்பிரியா கூப்பிட்டாள். "நிமி, ஃபைலு திரும்பி வராதுன்னு சொல்லிட்டாங்க. பேஷண்டுங்ககிட்டயே கேட்டு ஒவ்வொண்ணா எழுதோணும். அறுபத்திரண்டு பேரு. எனக்கு ரெண்டு கைதானுங்க இருக்குது. உங்களுக்குத்தான் எழுதற வேலை தெரியுமே, வர்றீங்களா?"

மூணாறு போய், மறையூர் வழியாக உடுமலை இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி நிமி கொழிஞ்சாம்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. மலையின் குளிர் போய் வெயில் முகத்தில் அறைந்தது. மையத்தின் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். உள்ளே போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கால் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குட்டையான பெண் கையை ஆட்டினாள். குரலை வைத்துத்தான் அது செல்வப்பிரியா என்று தெரிந்தது.

"சாப்புட்டீங்களா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் ஒரு கட்டு அட்டையையும் பேனாவையும் கையில் கொடுத்தாள். "மொதக் கட்டில்ல இருந்து ஆரம்பிங்க. எடை, எந்தக் கைல ஊசி, என்ன மருந்து, எது ஒத்துக்காது, எல்லாம் கேளுங்க. அவங்களுக்கு அவங்க உடம்பு தெரியும்."

முதல் கட்டிலில் காளிச்சாமி என்ற தென்னை விவசாயி படுத்திருந்தார். அறுபது வயதிருக்கும். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள், கருஞ்சிவப்பாக, இயந்திரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தன. நிமி அதைப் பார்க்காமலிருக்க முயன்றாள். முடியவில்லை. அவர் தன் விவரமெல்லாம் வரிசையாகச் சொன்னார். அவள் எழுதினாள்.

"நீங்கதானுங்களா அந்த மலைல இருந்து போன் போட்ட புள்ள?" என்றார் திடீரென்று.

"ஆமாங்கய்யா." பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சாவி தொலஞ்சதும் என்னாலதான்."

"அதுவும் சொன்னாங்க." அவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார். "அன்னைக்கு நான் இதே கட்டில்லதான் இருந்தனுங்க. அலாரம் அடிக்குது, எல்லாரும் ஓடறாங்க, எதுக்குன்னு எவரும் சொல்லல. ரத்தம் குழாய்ல அப்புடியே நிக்குது. அதத்தான் பாத்துட்டு இருந்தன். அவன் எப்புடித்தான் வந்தானாம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க பாக்கலாம்."

நிமி ஓர் அட்டையைத் திருப்பி வைத்துப் படம் வரைந்தாள். முதலில் தன் பெயர், அப்புறம் தடம் ஓடும் கணினி, வரவேற்பறை, விவரங்கள், தண்ணீர். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். காளிச்சாமி தலையைத் தூக்கிக் கவனமாகப் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கறனுங்க?"

அவள் அட்டையைப் பார்த்தாள். கோடு தண்ணீரோடு நின்றிருந்தது. அதற்கப்பால் வெறும் அட்டைதான். தடத்திலும் அப்படித்தான் இருந்தது, அவளுடைய கையேட்டிலும் அப்படித்தான். தண்ணீரிலிருந்து இன்னொரு கோடு இழுத்து, அதன் முனையில் அவர் பெயரை எழுதினாள்.

"இங்கங்கய்யா."

அவர் அதை வாங்கி வலது கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "மறுபடியும் வருவானுங்களா?"

"தெரியாதுங்கய்யா. அதே வழியா வர முடியாது. வேற வழி இருக்கான்னு பாக்கணும்."

"பயமா இல்லீங்களா உங்களுக்கு?"

"இருக்குங்கய்யா."

"எனக்கும்தான்" என்றார் காளிச்சாமி. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டிலைக் கண்ணால் காட்டினார். "அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க. சத்தமாக் கேளுங்க."

நிமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.